மெஜந்தா மட்டும் பாதியில் வெளுக்கிறது: ஹெட் மாற்றத்தான் வேண்டுமா?

பேனர்தம்பி (ஈரோடு):
வணக்கம் அண்ணன்மாரே. எங்கள் கடையில் இருப்பது பேனர், வினைல் அச்சடிக்கும் 6 அடி எக்கோ சால்வென்ட் (கரைப்பான் மை) மெஷின், மை தெளிக்க ஒற்றை எக்ஸ்பி 600 ஹெட். பின்னால் மை டாங்க், அங்கிருந்து டியூப், ஹெட்டோடு சேர்ந்து ஓடும் செயின் வழியாக வந்து டேம்பரில் (ஹெட்டின் மேல் மை சேரும் சின்ன டப்பா) ஏறுகிறது. நடுவில் சப் டாங்க், பம்ப் எதுவும் கிடையாது.

தொல்லை மெஜந்தாவில் மட்டும்தான். க்ளீனிங் போட்டு நாசில் செக் (ஹெட்டின் ஒவ்வொரு மைத்துளையும் ஒரு கோடு போடும் சோதனை) எடுத்தால் ஒரு கோடு விடாமல் விழுகிறது. வெள்ளைப் பின்னணியில் எழுத்து, சின்னப் படம் என்றால் எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் ஓடும். மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்து வரும் முழுச் சிவப்புப் பின்னணி கொடுத்தால் போதும், ஒரு மீட்டர் தாண்டியதும் ஆரஞ்சாகிறது, அப்புறம் வெறும் மஞ்சள். அந்த நேரத்தில் செக் எடுத்தால் மெஜந்தாவில் பாதிக் கோடுகள் இல்லை. க்ளீனிங் போட்டால் மறுபடி முழுசாக வருகிறது, மறுபடி ஒரு மீட்டர்தான். டேம்பரும், ஹெட் ஓய்வில் அமரும் கேப்பும் புதிதாக மாற்றியாகிவிட்டது. மெக்கானிக் வந்து பார்த்து, ஹெட் போய்விட்டது என்கிறார். கல்யாண சீசன், வேலை தேங்கிக் கிடக்கிறது. என்ன செய்யலாம்?

கோவை_வினைல்:
ப்ரோ, டாங்கை அரை அடி தூக்கி வையுங்கள். எங்களுக்கும் இதே மாதிரி வந்து, அப்படித்தான் சரியானது. பைசா செலவில்லை.

ஹெட்மாஸ்டர்:
தம்பி, டாங்கைத் தூக்க வேண்டாம். மையின் மட்டம் ஹெட்டின் அடிப்பக்கத்தை விடத் தாழ்வாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள். மேலே ஏற்றினால் மை தானாக வரும், உண்மைதான். ஆனால் ஹெட் நிற்கும்போதும் வரும். வினைல் மேல் சொட்டும், கேப்பில் நிறங்கள் கலக்கும், காலையில் மஞ்சள் கோட்டில் மெஜந்தா தெரியும்.

ஹெட்டையும் இப்போதைக்கு விடுங்கள். ஹெட்டே போயிருந்தால் முதல் செக்கிலேயே கோடு விட்டிருக்கும், அதுவும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். உங்களுக்கு முதல் மீட்டர் சுத்தமாக வருகிறதே, அது டேம்பருக்குள் சேர்ந்திருந்த மை. லேசான டிசைனில் நாசில்கள் கொஞ்சமாகக் கேட்கின்றன, வருகிற மை போதுகிறது. முழுச் சிவப்பில் மெஜந்தா நாசில் அத்தனையும் ஒன்றாகக் கேட்கும்போது சேமிப்பு தீர்ந்துவிடுகிறது. க்ளீனிங் போட்டால் கேப் பக்கமுள்ள க்ளீனிங் பம்ப் இழுத்து டேம்பரை நிரப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். டாங்குக்கும் டேம்பருக்கும் நடுவே எங்கேயோ வழி குறுகியிருக்கிறது, அல்லது காற்று நுழைகிறது.

எது என்று தெரிய ஒரு வேலை செய்யுங்கள். நிறம் போனதும் மெஷினை நிறுத்தி, க்ளீனிங் போடாமல் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். அப்புறம் செக் மட்டும் எடுங்கள். விட்ட கோடுகள் தானாகத் திரும்பினால் அடைப்பு: மை மெதுவாக வந்து சேர்ந்திருக்கிறது. விட்ட கோடுகள் இன்னும் கூடியிருந்தால் காற்று: மை டாங்கை நோக்கிப் பின்வாங்குகிறது, டேம்பர் நட்டு, ஓ ரிங் பக்கம் பாருங்கள்.

இன்னொன்று. நிறம் ஷீட்டின் முழு அகலத்துக்கும் போகிறதா, ஒரு பக்கம் மட்டுமா? கேரேஜ் (ஹெட்டைச் சுமந்து ஓடும் பகுதி) ஒரு ஓரத்துக்குப் போகும்போது மட்டும் வெளுத்தால் செயினுக்குள் டியூப் மடங்குகிறது.

பேனர்தம்பி:
அண்ணே, செய்து பார்த்தேன். அரை மணி கழித்து நாலைந்து கோடு தவிர எல்லாம் திரும்பிவிட்டன! வெளுப்பது முழு அகலத்துக்கும் ஒரே மாதிரிதான். டாங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்குமோ என்று மூடியைத் திறந்து வைத்தும் ஓட்டினேன், மாற்றமில்லை.

ஹெட்மாஸ்டர்:
மூடியைத் திறந்து பார்த்தது நல்ல யோசனை. அப்படியானால் இனி டியூபை மட்டும் சோதிக்கலாம். மெஜந்தா டியூபை டேம்பரிலிருந்து கழற்றி, நுனியை டாங்கின் மட்டத்துக்குக் கீழே பிடித்து, சிரிஞ்சால் ஒரு இழு இழுத்துவிட்டு சிரிஞ்சை எடுங்கள். மை தானாக ஓட வேண்டும். சியானிலும் (நீல மை) இதையே செய்து இரண்டையும் ஒப்பிடுங்கள். கீழே கப் வைக்க மறக்க வேண்டாம், தரையில் கொட்டினால் அந்தக் கறை போகாது.

சைன்போர்டு அக்கா:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். தம்பி, மெஜந்தா மட்டும் வேறு கம்பெனி மை ஊற்றினீர்களா?

பேனர்தம்பி:
அக்கா, சரியாகப் பிடித்தீர்கள். கடையில் கேட்டேன். முன்பு இருந்த ஆபரேட்டர் ஸ்டாக் தீர்ந்த அவசரத்தில் வேறு மெஜந்தா வாங்கி, பாதி டாங்க் பழைய மை இருக்கும்போதே மேலே ஊற்றியிருக்கிறார்.

ஓட்டமும் பார்த்தேன். சியான் கம்பி மாதிரி விடாமல் இறங்குகிறது. மெஜந்தா சொட்டுச் சொட்டாகத்தான்.

சைன்போர்டு அக்கா:
எக்கோ சால்வென்ட் என்று லேபிளில் இருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல. பிசினும் கரைப்பானும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், இரண்டு சேர்ந்தால் சில நேரம் ஒத்துக்கொள்ளாது. டாங்கை ஒட்டி டியூபில் சின்ன வட்ட ஃபில்டர் இருக்கும், கழற்றிப் பாருங்கள். அங்கேதான் பிடித்திருக்கும்.

இனி மை மாற்றும்போதெல்லாம், பழையதும் புதியதும் கொஞ்சம் கொஞ்சம் ஒரு கண்ணாடிக் குப்பியில் கலந்து, மூடி, ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் சாய்த்துப் பாருங்கள். சுவரில் வழவழவென்று வழிந்தால் சரி. துகள் ஒட்டினாலோ அடியில் படிந்தாலோ அதை மெஷின் பக்கமே கொண்டு போகக் கூடாது. ஒத்துப்போனாலும் டாங்கைக் காலி செய்துவிட்டு மாற்றுவதுதான் என் வழக்கம்.

பேனர்தம்பி:
ஃபில்டரைக் கத்தியால் பிளந்தேன். மை வரும் பக்கம் வலை முழுக்கத் திரிந்த பால் மாதிரி சிவப்புக் கட்டிகள், விரலில் எடுத்தால் ஜவ்வாக இழுக்கிறது. மறுபக்கம் சுத்தமாக இருக்கிறது. ஃபில்டரை மட்டும் மாற்றினால் போதுமா?

ஹெட்மாஸ்டர்:
போதாது. டாங்கில் இருக்கும் மை முழுவதும் போக வேண்டும், இல்லாவிட்டால் புது ஃபில்டரும் சீக்கிரமே இதே கதியாகும். டாங்கை எக்கோ சால்வென்ட் ஃப்ளஷ் திரவத்தால் கழுவுங்கள். தண்ணீர், ஸ்பிரிட் கூடாது. டியூபை டேம்பர் பக்கமிருந்து சிரிஞ்சால் இழுத்து, திரவம் நிறமில்லாமல் வரும்வரை ஓட்டுங்கள். எல்லாம் ஹெட்டோடு சேர்க்காமல், கழற்றி வைத்தபடி. புதிதாகப் போட்ட டேம்பரையும் மாற்றிவிடுங்கள். அதற்குள் என்ன போயிருக்கிறது என்று யார் கண்டது, ஹெட் விலைக்கு டேம்பர் விலை ஒன்றுமில்லை.

ஃபில்டரில் அம்புக்குறி இருந்தால் மை போகும் திசையில் வையுங்கள். மாட்டியபின் டியூபில் காற்றுக் குமிழி இல்லாமல் மை இழுத்து, டேம்பரில் பாதிக்கு மேல் நின்றதும் ஹெட்டில் சொருகுங்கள். ஹெட்டுக்குள் சிரிஞ்சால் அழுத்தித் தள்ளும் வேலை மட்டும் வேண்டாம்.

கோவை_வினைல்:
அப்போ நான் டாங்கைத் தூக்கியதும் இதே கேஸ்தானா? எனக்கும் கேப்பில் நிறம் கலக்கிறது சார்.

ஹெட்மாஸ்டர்:
இருக்கலாம். முதலில் டாங்கை இறக்கி வைத்துவிட்டு சியான், மெஜந்தா ஓட்டத்தை ஒப்பிடுங்கள்.

பேனர்தம்பி:
எல்லாம் மாற்றி, முழுச் சிவப்பில் 5 மீட்டர் நிறுத்தாமல் ஓட்டினேன். நிறம் கடைசிவரை நிற்கிறது, செக்கும் முழுசு. மெக்கானிக்கிடம் ஹெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும்: சிவப்பு முன்பைவிடக் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரிகிறது.

சைன்போர்டு அக்கா:
கலப்பு மையும் அரைப்பட்டினியுமாக ஓடியதில் உங்கள் கண்ணே அந்த வெளிறிய சிவப்புக்குப் பழகியிருக்கும். ரிப்பீட் ஆர்டர் கொடுப்பவர்களின் பழைய துண்டு இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள், தேவைப்பட்டால் ஃபைலில் மெஜந்தாவைக் கொஞ்சம் குறையுங்கள். பழைய மையைச் சாக்கடையில் ஊற்றாமல், கேனில் அடைத்து வேஸ்ட் மையோடு சேர்த்து வையுங்கள்.