பாக்கெட் நொறுக்குத்தீனியில் அச்சிட்ட எண்கள்: பெரியவர்கள் எதற்கு அஞ்ச வேண்டும்?

திருப்பூர் வாசகி எழுதியது

அனைவருக்கும் வணக்கம். நான் பின்னலாடை நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன், வயது 47. மாலையில் கணக்கு முடியும்வரை உட்கார வேண்டியிருப்பதால், தேநீருடன் சிப்ஸ், மிக்சர், கிரீம் பிஸ்கட் என்று ஏதேனும் ஒரு பாக்கெட்டைப் பிரிப்பது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. சென்ற வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்தது. பாக்கெட்டின் பின்புறம் ஐஎன்எஸ் (உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான பன்னாட்டு எண் முறை) 330 என்றிருந்தால் புற்றுநோய் வரும், 621 நரம்பைக் கெடுக்கும், 319 பெட்ரோலியத்திலிருந்து எடுக்கப்படுவது, 631 பன்றிக் கொழுப்பு, 551 மணல், பாக்கெட்டுக்குள் அடைக்கும் வாயுவே நஞ்சு என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. மேசை இழுப்பறையில் இருந்த பாக்கெட்டுகளை எடுத்துப் பார்த்தால், அந்த எண்களில் பெரும்பாலானவை அவற்றில் இருக்கின்றன.

குழந்தைகளைப் பற்றி எழுதுவோர் பலர் இருக்கிறார்கள். எங்களைப் போன்ற நடுவயதுக்காரர்களுக்கு இவற்றில் எது உண்மையிலேயே கெடுதல் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். என் கணவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். எனக்கு யூரிக் அமிலம் சற்று அதிகம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய ஆய்வகத்தார் எழுதியது

வணக்கம் அம்மா. உணவுப் பகுப்பாய்வுக் கூடம் ஒன்றில் 18 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் 330-ஐ எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அந்தப் பட்டியலின் வயது அதில்தான் தெரிகிறது. 330 என்பது சிட்ரிக் அமிலம். எலுமிச்சையின் புளிப்பு அதுதான். 1976-ஆம் ஆண்டு பிரான்சில் ஒரு துண்டறிக்கை கைமாறிக் கைமாறிப் பரவியது. வில்ஜுயிஃப் என்ற ஊரின் புற்றுநோய் மருத்துவமனை வெளியிட்டதாகச் சொல்லப்பட்ட அந்த அறிக்கை, 330-ஐ மிகக் கொடிய நஞ்சு என்றது. மருத்துவமனையோ தனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மறுத்தது. நம் உடலின் உயிரணுக்களில் நடக்கும் சிட்ரிக் அமிலச் சுழற்சிக்கு அதைக் கண்டறிந்த ஹான்ஸ் கிரெப்ஸ் பெயரால் கிரெப்ஸ் சுழற்சி என்றும் பெயருண்டு. ஜெர்மன் மொழியில் அதே சொல்லுக்கு நண்டு என்றும் புற்றுநோய் என்றும் பொருள் இருப்பதால் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்கலாம் என்று விளக்குவார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே பொய் உங்கள் இழுப்பறைவரை வந்து சேர்ந்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அடுத்து 319. டிபிஹெச்க்யூ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தப் பொருள், எண்ணெய் காற்றுபட்டுச் சிக்கு வாடை அடிக்காமல் காப்பது. இது செயற்கையாகத் தயாரிக்கப்படுவது என்பது உண்மைதான். ஆனால் ஒரு பொருள் எதிலிருந்து வந்தது என்பதைவிட, நாம் எவ்வளவு உட்கொள்கிறோம் என்பதுதான் அதன் தீங்கைத் தீர்மானிக்கிறது. ஒருவர் வாழ்நாள் முழுவதும் அன்றாடம் உட்கொண்டாலும் பாதகமில்லை என்று வல்லுநர் குழுக்கள் வகுத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.7 மில்லிகிராம். அப்படியானால் 60 கிலோ எடையுள்ளவருக்கு 42 மில்லிகிராம் ஆகிறது. நம் நாட்டில் எண்ணெயில் கிலோவுக்கு 200 மில்லிகிராம்வரை இதைச் சேர்க்கலாம். 50 கிராம் சிப்ஸில் எண்ணெய் ஏறக்குறைய 17 கிராம் இருக்கும் என்று கொண்டால், சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவே சேர்த்திருந்தாலும், ஒரு பாக்கெட்டில் வருவது மூன்றரை மில்லிகிராமுக்குள்தான். அந்த எல்லையைத் தொட நீங்கள் ஒரே நாளில் பன்னிரண்டு பாக்கெட் சாப்பிட வேண்டும்.

இப்போது அதே பன்னிரண்டு பாக்கெட்டில் உள்ள உப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். சிப்ஸில் 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்று வைத்துக்கொண்டால், 600 கிராமில் 4,800 மில்லிகிராம் சோடியம், அதாவது 12 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள், அதாவது 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள். டிபிஹெச்க்யூ தன் எல்லையைத் தொடும்போது உப்பு இரண்டு மடங்குக்கும் மேலே போய்விட்டிருக்கும். அதுவும் சாம்பார், ஊறுகாய், அப்பளம் எதையும் சேர்க்காமல். வாட்ஸ்அப் பட்டியலில் உப்பு இல்லை. பாமாயிலும் மைதாவும் சர்க்கரையும்கூட இல்லை. நமக்குப் பெயர் தெரிந்த பொருள்கள் என்பதால் அவற்றை யாரும் சந்தேகிப்பதில்லை. உங்கள் கணவருக்குப் பாக்கெட்டில் உள்ள முதன்மையான ஆபத்து, எண்ணே தேவைப்படாத அந்த உப்புதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

621, அதாவது மோனோசோடியம் குளுட்டமேட்டைப் பற்றி 1968-இல் ஒரு மருத்துவ இதழுக்கு வந்த வாசகர் கடிதத்திலிருந்து அச்சம் தொடங்கியது. அதன் பிறகு நடந்த கட்டுப்படுத்தப்பட்ட சோதனைகளில், உணவில்லாமல் தனியாக மூன்று கிராம் போலப் பெரிய அளவில் கொடுத்தபோது சிலருக்குத் தலைவலி, படபடப்பு போன்றவை வந்தன. சாதாரண அளவில் உணவோடு கொடுத்தபோது அப்படி உறுதியாக நிறுவ முடியவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் குளுட்டமேட்டுகளுக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று ஓர் எல்லை வகுத்து, அதிகம் உண்பவர்கள் அதைத் தாண்டக்கூடும் என்றும் எச்சரித்தது. ஆகவே சிறிதும் கவலையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சாப்பிட்டதும் தலைவலி வருவதை நீங்களே கவனித்திருந்தால் தவிர்த்துவிடுங்கள். மற்றவர்கள் நரம்பு கெடும் என்று அஞ்சத் தேவையில்லை.

551 சிலிக்கான் டை ஆக்சைடு. மணலின் வேதிப்பொருளும் அதுவே என்பது சரி. மசாலாத் தூள் கட்டிபடாமல் இருக்க மிகச் சிறிய அளவில் சேர்ப்பார்கள். பெரும்பகுதி உடலில் சேராமல் வெளியேறிவிடும். பாக்கெட்டுக்குள் இருப்பது நைட்ரஜன். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு அதுதான். 631 கொழுப்பே அல்ல. அது சுவையைக் கூட்டும் ஓர் உப்பு. மீன், இறைச்சியிலிருந்தும் எடுக்கலாம், மரவள்ளி மாவு போன்றவற்றை நொதிக்க வைத்தும் தயாரிக்கலாம். சைவ உணவுக்கான பச்சைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள், போதும். ஆனால் 631-உம், அதைப் போலவே சுவையைக் கூட்டும் 627-உம் உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் வகையைச் சேர்ந்தவை. அளவு குறைவுதான் என்றாலும், உங்களைப் போல ஏற்கெனவே யூரிக் அமிலம் கூடியிருப்பவர்கள் அன்றாடம் உண்பதைத் தவிர்ப்பதில் நியாயம் இருக்கிறது.

சாத்தூர்ப் பலகாரக்காரர் எழுதியது

ஐயா சொன்னது சரி. சேவு, காராச்சேவு, முறுக்கு போட்டுப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் தொழிலில் இருப்பவன் என்பதால், எண்ணெயைப் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். லேபிளில் பாமோலின் எண்ணெய் என்று எழுதியிருக்கும். விலை குறைவு, சூட்டைத் தாங்கும், பலகாரம் மொறுமொறுப்பாக நிற்கும் என்பதால்தான் எல்லோரும் அதை வாங்குகிறோம். அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் நிறைகொழுப்பு, அதாவது இரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டும் வகை. 17 கிராம் எண்ணெய் உள்ள ஒரு பாக்கெட் சிப்ஸ் சாப்பிட்டால் 7 கிராம் நிறைகொழுப்பு உள்ளே போகிறது. லேபிளில் விழுக்காடு போடும்போது ஒரு நாளுக்கு 22 கிராம் என்று கணக்கு வைக்கிறார்கள், ஆக மூன்றில் ஒரு பங்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கும் வனஸ்பதியில் முன்பு வந்த டிரான்ஸ் கொழுப்பு இதைவிடக் கொடியது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அதை எண்ணெயிலும் கொழுப்பிலும் 3 விழுக்காடு என்று 2021-இலும், 2 விழுக்காடு என்று 2022 ஜனவரியிலும் குறைத்தது. இது பெரிய மாற்றம். ஆனால் கிரீம் பிஸ்கட், பப்ஸ் வாங்கும்போது ஹைட்ரஜனேற்றம் செய்த கொழுப்பு என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாக்கெட் வேண்டாம் என்று முடிவெடுத்து, தெருமுனையில் தட்டில் குவித்து விற்பதை வாங்கினால் தப்பித்துவிட்டதாக நினைக்காதீர்கள். பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதில் முனைவுச் சேர்மங்கள் என்ற கெட்ட பொருள்கள் சேர்கின்றன. அவை 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 முதல் விதி இருக்கிறது. எங்கள் பக்கம் அதை அளக்கும் கருவி வைத்திருப்பவர்கள் மிகவும் குறைவு. எண்ணெய் கறுத்து, நுரைத்து, கையில் பிசுபிசுத்தால் கொட்டிவிட வேண்டும் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். செய்வதற்குத்தான் மனம் வருவதில்லை. நிறமும் அப்படித்தான். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தார்கள் அல்லவா? அதில் கண்டெடுத்த ரோடமின்-பி எந்தப் பாக்கெட்டிலும் எண்ணாக அச்சிடப்படும் பொருள் அல்ல. அது உணவில் சேர்க்க அனுமதியே இல்லாத சாயம்.

பழைய ஆய்வகத்தார் எழுதியது

பலகாரக்காரர் பொரிப்பதைப் பற்றிச் சொன்னதால் அக்ரிலமைடைக் குறிப்பிடாமல் விட முடியவில்லை. 2002-இல் சுவீடன் ஆய்வாளர்கள் இதை உணவில் கண்டறிந்தார்கள். இதை யாரும் சேர்ப்பதில்லை. உருளைக்கிழங்கில் இயல்பாக உள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரையும் 120 டிகிரிக்கு மேல் சூடாகும்போது தானாகவே உண்டாகிறது. விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியதால், மனிதருக்கும் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை வைத்திருக்கிறது. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் முடிவு ஒரே மாதிரி வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் சிப்ஸுக்குக் கிலோவுக்கு 750 மைக்ரோகிராம் என்று ஓர் இலக்கு வைத்திருக்கிறது. வீட்டில் வறுத்தாலும் இது உண்டாகும். நாம் செய்யக்கூடியது, கருகிச் சிவந்த துண்டுகளை ஒதுக்குவதும், உருளைக்கிழங்கைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து வறுக்காமல் இருப்பதும்தான். குளிரில் கிழங்கின் சர்க்கரை கூடுகிறது.

டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர் எழுதியது

சகோதரிக்கு வணக்கம். எங்கள் பிரிவுக்கு வருகிற நோயாளிகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஆரோக்கியமான பெரியவருக்குப் பாதுகாப்பானது எல்லோருக்கும் பாதுகாப்பானது என்று பொருளில்லை. நூடுல்ஸ், பதப்படுத்திய சீஸ் போன்றவற்றில் வரும் 451, 452 ஆகியவை பாஸ்பேட் உப்புகள். பருப்பில் இயற்கையாக உள்ள பாஸ்பரஸில் பாதிக்கும் குறைவாகவே உடல் ஏற்கிறது. சேர்க்கப்படும் பாஸ்பேட்டையோ ஏறத்தாழ முழுவதுமாக ஏற்றுக்கொள்கிறது. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு இது எலும்பையும் இரத்தக் குழாயையும் பாதிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் 220 முதல் 228 வரையுள்ள சல்பைட் எண்களைக் கவனிக்க வேண்டும். சில பிஸ்கட்டுகளிலும் உலர்பழங்களிலும் இருக்கும், சிலருக்கு மூச்சுத் திணறலைத் தூண்டும். வேர்க்கடலை, பால், சோயா, கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு எந்த எண்ணையும்விட, லேபிளில் தனியாக அச்சிடும் ஒவ்வாமை வரிதான் உயிரைக் காப்பது.

திருப்பூர் வாசகி எழுதியது

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இழுப்பறையில் இருந்தவற்றை மீண்டும் எடுத்து, இந்த முறை எண்களை விட்டுவிட்டுச் சொற்களைப் படித்தேன். பொருள்களை எடையின் வரிசையில்தான் எழுத வேண்டும் என்ற விதி எனக்கு இதுவரை தெரியாது. கிரீம் பிஸ்கட்டில் மைதாவுக்கு அடுத்து நிற்பது சர்க்கரை. மிக்சர் பாக்கெட்டில் ஒரு வேளைக்கு 30 கிராம் என்று போட்டு, அதற்குரிய சோடியம் விழுக்காட்டைச் சிறியதாகக் காட்டியிருந்தார்கள். பாக்கெட்டின் எடை 150 கிராம். நாங்கள் இருவர் அதை ஒரு மாலையில் முடித்திருக்கிறோம். ஐந்தால் பெருக்கிப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஒரே ஒரு சந்தேகம் மிஞ்சியிருக்கிறது. என் கணவர் உப்புக் குறைவு என்று நம்பி, குறைந்த சோடியம் என்று அச்சிட்ட ஒரு வறுத்த பயறு பாக்கெட்டை அன்றாடம் சாப்பிடுகிறார். அதில் 508 என்று இருக்கிறது. அவர் எடுத்துக்கொள்வது டெல்மிசார்ட்டன். இது அவருக்கு நல்லதுதானா?

டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர் எழுதியது

நல்ல வேளையாகக் கேட்டீர்கள். 508 என்பது பொட்டாசியம் குளோரைடு; சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் இதைச் சேர்க்கிறார்கள். சிறுநீரகம் நன்றாக இயங்கும் பலருக்கு இது இரத்த அழுத்தத்தைக் குறைக்க உதவும். ஆனால் டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாப்ரில் போன்ற மாத்திரைகள் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் தன்மை உடையவை. சிறுநீரகப் பழுதும் சேர்ந்துகொண்டால், பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் குறைந்த சோடிய உப்பைப் பரிந்துரைத்தபோதும் சிறுநீரகப் பழுதுள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றது. உங்கள் கணவருக்கு இரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று தேடிப் பாருங்கள். ஆண்டுக்கணக்காகப் பார்க்கவில்லை என்றால், இந்த வாரமே ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, அந்தப் பாக்கெட்டின் லேபிளைப் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். முடிவு தெரியும்வரை அந்தப் பயறை நிறுத்தலாம். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.