திருகோணமலையில் சின்ன ஐ.ரி. கொம்பனிகளுக்கு இன்னுமொரு இலவசப் பயிற்சியாம். நான் போகவில்லை

உவர்மலை ரவுட்டர்:
நேற்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு அறிவிப்பு சுற்றியது. சிறிய தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு ஆறு மாத இலவசப் பயிற்சி, ஆளுக்கொரு வழிகாட்டி. மூன்று பேர் எனக்குத் தனியாகவும் அனுப்பிவிட்டார்கள். நான் விண்ணப்பிக்கப் போவதில்லை. காரணத்தைச் சொல்கிறேன், திட்டுபவர்கள் பிறகு திட்டலாம்.

நானும் இரண்டு பொடியன்களும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் உள்ள விடுதிகளுக்கு அறைப் பதிவு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். ஐந்து வருடமாகிறது. இதற்குள் நான்கு பயிற்சிகளுக்குப் போயிருக்கிறேன். நான்கிலும் முதல் நாள் ஒரே பாடம்தான். "பிஸ்னஸ் மொடல் கான்வஸ்" என்று, தொழில் திட்டத்தை எழுதப் பெரிய தாளில் ஒன்பது கட்டம் கீறி, அதில் நிறம் நிறமாக ஒட்டுத்தாள் ஒட்ட வேண்டும். அந்த ஒன்பது கட்டமும் எனக்கு இப்போது மனப்பாடம். இத்தனை வருடத்தில் வளர்ந்த ஒரே ஆள் ஒட்டுத்தாள் விற்ற கடைக்காரராகத்தான் இருக்கும்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனதே, அந்தக் கிழமையும் ஸூமில் ஒரு வகுப்பு நடந்தது. "உங்கள் ஐந்து வருடக் கனவு என்ன?" என்று கேட்டார்கள். "ரவுட்டருக்கு ஒரு பற்றரி" என்றேன். அதற்குள் லைன் போய்விட்டது.

எங்களுக்குப் பாடம் வேண்டாம், வாடிக்கையாளர் வேண்டும். மண்டப வாடகை, மதியச் சாப்பாடு, கொழும்பிலிருந்து வருபவரின் வாகனச் செலவு எல்லாவற்றையும் கூட்டி, அந்தக் காசுக்கு ஏதாவது ஒரு பிரதேச சபை எங்கள் ஊர்க் கொம்பனியிடம் ஒரு மென்பொருள் வாங்கட்டும். அது போதும்.

மணிக்கூட்டுச் சந்தி:
தம்பி, இப்படியான பயிற்சிகளை நடத்திக் கொடுத்தவள் நான். என் பக்கச்சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒட்டுத்தாள் விஷயத்தில் உங்கள் கோபம் எனக்கும் உண்டு.

ஆனால் வாடிக்கையாளர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை ஏற்கமாட்டேன். ஒருமுறை வகுப்புக்கு வந்தவர்களிடம் கடைசியாகக் கொடுத்த கொட்டேஷனைக் கொண்டுவரச் சொன்னேன். ஒருவருடையதில் ஒரேயொரு வரி இருந்தது: "வெப்சைட் – 60,000 ரூபாய்". எத்தனை பக்கம், எத்தனை தரம் திருத்தம், படம் யார் தருவது, மீதிக் காசு எப்போது, ஒன்றும் இல்லை. அந்த வாடிக்கையாளர் இரண்டு வருடமாகத் திருத்தம் கேட்டுக்கொண்டிருந்தார், இவரும் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட பத்து வாடிக்கையாளரைக் கொண்டுவந்து விட்டால் அந்தக் கொம்பனி இன்னும் கெதியாக மூடப்படும்.

இன்னொருவர் நான்கு பேரை வேலைக்கு வைத்திருந்தார். அவர்களுக்கு ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டவே இல்லை. முதலாளி பங்கு 12 வீதம், ஊழியர் பங்கு 8, ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 என்று கரும்பலகையில் எழுதியபோது அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இதெல்லாம் ஒரு பின்னேரத்தில் சொல்லிக் கொடுக்கக்கூடியவை. சொல்லத்தான் ஆள் இல்லை.

பில் புத்தகம்:
கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். உணர்ச்சியை விட்டுவிட்டு, அளந்து பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

நம் நாட்டிலேயே ஓர் ஆய்வு நடந்தது. டி மெல், மெக்கென்சி, வூட்ரஃப் மூவரும் 2014இல் வெளியிட்டது. தொழில் செய்யும் பெண்களுக்கு ஐ.எல்.ஓ. எனும் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் பாடத்திட்டத்தில் பயிற்சி கொடுத்தார்கள். ஏற்கெனவே தொழில் நடத்திக்கொண்டிருந்தவர்களுக்கு வெறும் பயிற்சியால் இலாபம் கூடவில்லை. பயிற்சியோடு 15,000 ரூபாயும் கொடுத்த இடத்தில் முதல் சில மாதம் கூடியது, இரண்டாம் வருடத்தில் அதுவும் கரைந்துவிட்டது. இதுவரைக்கும் ரவுட்டர் தம்பிக்கு வெற்றி.

ஆனால் கென்யாவைப் பாருங்கள். நைரோபியின் டண்டோரா பகுதியில் சிறு தொழில் செய்யும் பெண்களில் ஒரு பகுதியினருக்கு வகுப்பு, இன்னொரு பகுதியினருக்கு அதே ஊரில் நன்றாகத் தொழில் செய்யும் ஒரு பெண் வழிகாட்டி. வகுப்பால் இலாபத்தில் மாற்றம் இல்லை. வழிகாட்டி கிடைத்தவர்களுக்குச் சராசரியாக 20 வீதம் கூடியது. எதனால் என்று தோண்டிப் பார்த்தால் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. சாமான் எங்கே மலிவாக வாங்கலாம் என்று அவர்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சந்திப்பு நின்றதும் பலனும் தேய்ந்துவிட்டது.

அதனால் அறிவிப்பில் உள்ள இரண்டையும் ஒன்றாகப் போட்டு அடிக்காதீர்கள். பயிற்சி வேறு, வழிகாட்டல் வேறு.

உவர்மலை ரவுட்டர்:
கென்யாக்காரர்களுக்குச் சாமான் வாங்குமிடம். எனக்கு என்ன மலிவாக வாங்கச் சொல்லித் தருவார்கள், சேர்வரா? அதைக் கூகுளே சொல்லும்.

எனக்கும் ஒருமுறை வழிகாட்டி தந்தார்கள். பெரிய கொம்பனியில் இருந்தவர், நல்ல மனுசன். மாதத்துக்கு 40 நிமிடம் ஸூம். "ஒரே தடவை காசு வாங்காதீர்கள், மாதச் சந்தாவாக மாற்றுங்கள், உலகமே அப்படித்தான் போகிறது" என்றார். நம்பி மாற்றினேன். மே முதல் செப்டெம்பர் வரை எல்லோரும் ஒழுங்காகக் கட்டினார்கள். நவம்பரில் மழை தொடங்கியது, விடுதிகள் காலி. அறையில் ஆள் இல்லை, மென்பொருளுக்கு எதற்குக் காசு என்று பாதிப் பேர் நிறுத்திவிட்டார்கள். என் பொடியன்களுக்கு டிசெம்பரிலும் பசிக்கும் அல்லவா. இதை அவரிடம் சொன்னேன். "டிசெம்பரில்தானே சீசன்?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த கடல், தெற்கே டிசெம்பரில் சீசன் வரும் ஹிக்கடுவைக் கடல்.

கிண்ணியா கடை:
😄 தம்பி, அந்தக் கடைசி வரிக்காகவே எழுத வந்தேன்.

நான் கடைகளுக்கு பில் போடும் மென்பொருளும் மெஷினும் விற்கிறேன். கிண்ணியா, மூதூர், தோப்பூர். எனக்கு வழிகாட்டி ஒரு மொத்த வியாபாரி, கம்பியூட்டரை இன்றுவரை தொட்டதில்லை. முதல் ஆறு மாதம் ஒன்றும் விற்காமல் அவருடைய கடையில் போய் உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னது இரண்டே விஷயம். காலையில் கடைக்காரனிடம் போகாதே, அஸர் தொழுகைக்குப் பிறகு, பின்னேரம் கல்லாவை எண்ணும் நேரத்தில் போ, அப்போதுதான் கணக்கு உதைப்பது அவனுக்கே தெரியும். இரண்டாவது, பில்லில் தமிழ் வரட்டும், உம்மாக்கள் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பார்கள்.

முதலாவதை அடுத்த நாளே செய்தேன். இரண்டாவதில் மாட்டிக்கொண்டேன். அந்தச் சின்ன பில் பிரிண்டர்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அனுப்பினால் கேள்விக்குறியாக அடித்துத் தள்ளும். யாழ்ப்பாணத்தில் யாழ் ஐ.ரி. ஹப் என்று தொண்டர்கள் சேர்ந்து நடத்துகிறார்களே, அந்தச் சுற்றில் பழக்கமான ஒரு பொடியன், "எழுத்தாக அனுப்பாதீர்கள் நானா, பில் முழுவதையும் படமாக மாற்றி அனுப்புங்கள்" என்றான். அடிப்பது கொஞ்சம் மெதுவாகிவிட்டது, ஆனால் தமிழ் வந்தது. சிங்களக் கடைகளுக்கும் அதே வழிதான். இரண்டு பேரும் ஒரு சேர்டிபிகேட் தரவில்லை, ஒரு குரூப் போட்டோ எடுக்கவில்லை.

மணிக்கூட்டுச் சந்தி:
நானா, உங்களுக்கு அந்த வியாபாரி எப்படிக் கிடைத்தார்? சொந்தக்காரரா?

கிண்ணியா கடை:
வாப்பாவின் கூட்டாளி.

மணிக்கூட்டுச் சந்தி:
அதைத்தான் கேட்க நினைத்தேன். வாப்பாவுக்குக் கூட்டாளி இல்லாதவர்கள் என்ன செய்வது? தனியாகத் தொழில் தொடங்கும் ஒரு பெண்பிள்ளை அஸருக்குப் பிறகு எந்தக் கடையில் போய் ஆறு மாதம் உட்காருவாள்? நீங்கள் எல்லோரும் "தானாகக் கிடைத்தது" என்று சொல்லும் உதவி சிலருக்குத்தான் தானாகக் கிடைக்கிறது. திட்டம், விண்ணப்பம், மண்டபம் எல்லாம் மற்றவர்களுக்காக.

கோணேசபுரி நாலாம் வருடம்:
அக்கா சொன்னதற்கு ஆயிரம் லைக். இங்கே பல்கலைக்கழக வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறேன். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒன்று தொடங்கலாம் என்று இருக்கிறோம். கோடு எழுதத் தெரியும். ஒரு விடுதி முதலாளியின் முன்னால் போய் என்ன கதைப்பது என்று தெரியாது. ரவுட்டர் அண்ணா நான்கு பயிற்சிக்குப் போய் அலுத்துவிட்டார், நாங்கள் ஒன்றுக்கும் போகவில்லை. பில் புத்தகம் அண்ணா சொன்ன அதே இலங்கை ஆய்வில், புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பயிற்சி பலன் கொடுத்தது என்றும் இருக்கிறது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பில் புத்தகம்:
பிடித்துவிட்டீர்கள். உண்மைதான். தொழில் தொடங்க நினைத்தவர்கள் கெதியாகத் தொடங்கினார்கள், அவர்களுடைய இலாபமும் கூடியது. நான் விட்டது பிழை.

உவர்மலை ரவுட்டர்:
தங்கச்சியா தம்பியா தெரியவில்லை, கோபிக்க வேண்டாம். வளாகத்திலிருந்து இரண்டு பேரை எடுத்து, ஒரு வருடம் கூடவே வைத்துப் பழக்கினேன். ஒருவர் இப்போது கொழும்பு, மற்றவர் கட்டார். ஊருக்குப் பயிற்சி என்கிறோம், கடைசியில் இரவு மெயில் ரயிலுக்கு ஆள் ஏற்றிவிடுகிறோம்.

கோணேசபுரி நாலாம் வருடம்:
தங்கச்சிதான். ஒரு கேள்வி அண்ணா. அவர்களுக்கு நியமனக் கடிதம் கொடுத்தீர்களா? சம்பளம் எந்தத் திகதியில் போடுவீர்கள்?

உவர்மலை ரவுட்டர்:
…விடுதிக்காரர் தந்ததும் போடுவேன்.

மணிக்கூட்டுச் சந்தி:
கடிதத்துக்குப் பதில் வரவில்லை. நான் குறித்துக்கொண்டேன்.

பில் புத்தகம்:
இடையில் ஒன்று. வெளிநாட்டுக்கு வேலை செய்து டொலரில் எடுப்பவர்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் வருமான வரி உண்டு. உச்சம் 15 வீதம். என்னிடம் வரும் பொடியன்களில் பலர் இன்னும் பழைய விலக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்தப் பயிற்சி நடந்தாலும் இதற்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் என் முக்கியமான கருத்து: வழிகாட்டிகளுக்குக் காசு கொடுக்க வேண்டும். சும்மா வருபவர் மூன்றாம் மாதம் போனை எடுக்கமாட்டார். கென்யாவில் சந்திப்பு நின்றதும் பலனும் நின்றது என்றேனே.

மணிக்கூட்டுச் சந்தி:
இதில் நான் முழுக்க எதிர். காசு என்றதும் தொழில் செய்பவர் வரமாட்டார், அறிக்கை எழுதுபவர் வருவார். நான் பார்த்த ஒரு திட்டத்தில் வழிகாட்டிக்கு மணித்தியாலக் கணக்கில் கொடுப்பனவு. வரவுப் பதிவேடு அழகாக நிரம்பியது. கடைசியில் எந்தக் கொம்பனி என்ன விற்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

பில் புத்தகம்:
அது கொடுப்பனவின் பிழை அல்ல, மணித்தியாலத்தை அளந்ததன் பிழை. புதிதாக எத்தனை பில் வெட்டினார்கள், எத்தனை பில்லுக்குக் காசு வந்தது என்று அளந்து கொடுக்கலாமே.

மணிக்கூட்டுச் சந்தி:
பிறகு ஏற்கெனவே ஓடுகிற கொம்பனியைத்தான் எல்லா வழிகாட்டியும் கேட்பார். இந்தத் தங்கச்சி மாதிரி ஒரு பில்லும் வெட்டாதவரை யார் எடுப்பார்?

கிண்ணியா கடை:
நீங்கள் இரண்டு பேரும் கொடுப்பனவில் சண்டை பிடியுங்கள். நான் ரவுட்டர் தம்பியிடம் வருகிறேன். சந்தாவை ஏன் மாதாமாதம் கேட்கிறீர்கள்? வருடக் காசை ஜூலையில் ஒரேயடியாக வாங்குங்கள். கடலுக்குப் போகிறவனுக்குக் கடன் கொடுத்தால் மீன் வரும் நாளில்தான் போய் நிற்பார்கள். மழையில் போய்த் தட்டுவதில்லை.

உவர்மலை ரவுட்டர்:
ஜூலையில் கேட்டால் "சீசன் நேரம், தலைக்கு மேல் வேலை, பிறகு வா" என்பார்கள் நானா.

கிண்ணியா கடை:
சொல்லட்டும். அந்த நேரத்தில் ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். டிசெம்பரில் உங்கள் மென்பொருள் அவருக்கு ஒரு செலவு. ஜூலையில் அது இல்லாவிட்டால் அவருக்கு நித்திரை இல்லை. கல்லா நிறைந்திருக்கும்போது வருடக் கட்டணத்தில் ஒரு மாதத்தைக் கழித்துவிட்டுக் கேளுங்கள். முதலில் ஒருவரிடம் மட்டும் கேட்டுப் பாருங்கள், கெட்டால் ஒன்றுதான் கெடும்.

உவர்மலை ரவுட்டர்:
ஒரு மாதம் கழித்தால் எனக்குக் கட்டுமா என்று பார்க்க வேண்டும். இரண்டு விடுதிக்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

கிண்ணியா கடை:
சனிக்கிழமை கடைக்கு வாருங்கள். பழைய பில், கொட்டேஷன் எல்லாம் கொண்டு வாருங்கள். விலையை நான் பார்க்கிறேன், வரியை பில் புத்தகம் பார்க்கட்டும்.

பில் புத்தகம்:
சனி நான்கு மணிக்குப் பிறகு என்றால் வருவேன்.

கோணேசபுரி நாலாம் வருடம்:
நானும் வரலாமா? ஓரமாக இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

உவர்மலை ரவுட்டர்:
ஓரமாக இருக்க வேண்டாம், கேள்வி கேட்க ஆள் வேண்டும். ஒட்டுத்தாள் மட்டும் கொண்டு வராதீர்கள்.

மணிக்கூட்டுச் சந்தி:
விண்ணப்ப முடிவுத் திகதி வெள்ளிக்கிழமை, தம்பி.

உவர்மலை ரவுட்டர்:
போடமாட்டேன் அக்கா. தங்கச்சியைப் போடச் சொல்லுங்கள். அந்த நியமனக் கடிதத்துக்கு உங்களிடம் ஒரு மாதிரி இருந்தால் அனுப்பிவிடுங்கள்.