மறு: பியர் சப்போர்ட்டுக்கு "பட்டறிவுத்துணை"ன்னு வச்சுக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

ரெண்டு வாரமா இந்த இழைய வாசிச்சிட்டே பேசாம இருந்தேன், ஏன்னா இங்க எழுதுறவங்க எல்லாம் இலக்கணம் தெரிஞ்சவங்க, நான் இலங்கையில ஹட்டன் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்துல பொறந்து இப்பவும் அங்கயே இருக்கிறவ. ஆனா பியர் சப்போர்ட்டுக்கு, அதாவது அதே கஷ்டத்தைப் பட்டு எந்திரிச்சவங்க இப்ப பட்டுட்டு இருக்கிறவங்களுக்குத் துணை நிக்கிறதுக்கு, நீங்க தேடுற தமிழ்ச் சொல்லு எங்களுக்கு தினசரி வேணும். நாங்க எட்டுப் பேரு சேந்து மூணு வருஷமா வாட்ஸ்அப்லயும் மெசஞ்சர்லயும் மனசு ஒடஞ்சு போனவங்களோட பேசிட்டு வர்றோம், எங்கள்ல யாரும் டொக்டரும் இல்ல கவுன்சிலரும் இல்ல, எட்டுப் பேருமே ஒரு காலத்துல அதே குழியில கெடந்து எந்திரிச்சவங்க. புதுசா வர்றவங்களுக்கு "நீங்க யாரு"ன்னு ஒரு வார்த்தையில சொல்ல முடியல. அதான் எழுதுறேன்.

யாழ்ப்பாணத்து அண்ணா "சகபாடி ஆதரவு"ன்னு சொன்னீங்க. அண்ணா, சகபாடின்னா எங்க ஊர்ல கூடப் படிச்சவங்க. எங்க குழுவுல நாப்பத்தஞ்சு வயசு அக்கா ஒருத்தங்க இருக்காங்க, கொழுந்து எடுக்கிறவங்க, வயித்துல இருந்த புள்ள போனப்ப ஒரு வருஷம் பெரட்டுக்கே (காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற எடம்) போகாம காம்பராவுக்குள்ளயே (வீட்டு அறை) கெடந்தவங்க. அவங்ககிட்ட பேசுறது இருவத்திரெண்டு வயசுப் புள்ள. ரெண்டு பேரும் சகபாடி ஆக மாட்டாங்க, ஆனா பட்டது ஒண்ணு. 1935ல அமெரிக்காவுல ஆக்ரன் நகரத்துல குடியில மாட்டுன ரெண்டு பேரு ஒருத்தர ஒருத்தர் தாங்கிப் புடிச்சதுலதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்ங்கிற குடிநோயாளர் கூட்டமைப்பே ஆரம்பிச்சது, அவங்களுக்கு நடுவுல இருந்ததும் வயசுப் பொருத்தமோ படிப்புப் பொருத்தமோ இல்ல.

சென்னைத் தம்பி சொன்ன "இணையர் ஆதரவு" கேக்க அழகா இருக்கு தம்பி, ஆனா இணையர்னா இப்ப கல்யாணம் கட்டுன ஜோடின்னு ஆகிடுச்சு, அதுவும் நாங்க பேசுறது இணையத்துல, அந்த வேலைக்கு இணையர்னு பேரு வச்சா இன்னும் கொழம்பும். டீச்சர் சொன்ன "ஒத்தோர் உதவி" பொருள்ல கிட்ட வருது. ஆனா வாயில வரல டீச்சர். தோட்டத்துப் புள்ள ஒண்ணு "எனக்கு ஒத்தோர் உதவி வேணும்"னு டைப் பண்ணாது.

நம்ம நாட்டுல கவுன்சிலிங்குக்கு "உளவளத்துணை"ங்கிற சொல்லு நல்லா வேர் விட்டுடுச்சு, அரசாங்கத்துலயே உளவளத்துணை உத்தியோகத்தர்னு பதவி இருக்கு. அதுல இருக்கிற துணையத்தான் நான் எடுத்துக்கணும்ங்கிறேன். அவங்க படிச்சு வந்து துணை நிக்கிறாங்க, நாங்க பட்டு வந்து துணை நிக்கிறோம், அதால பட்டறிவுத்துணை. ரெண்டும் ஒரே குடும்பத்துச் சொல்லுன்னும் தெரியும், ரெண்டும் வேற வேற வேலைன்னும் தெரியும்.

துணைங்கிற சொல்லு மேல எனக்கு ஏன் இவ்ளோ பிடிவாதம்னு சொல்லிடுறேன். சின்னதுல பொழுது சாஞ்சதும் பீலிக்குத் தண்ணிக்குப் போகணும்னா அம்மா "தங்கச்சிய தொணைக்குக் கூட்டிட்டுப் போ"ன்னுவாங்க. தேயிலைக்குள்ள சிறுத்தை நடமாட்டம் இருந்த காலம். தங்கச்சிக்கு அப்ப ஏழு வயசு, சிறுத்தை வந்தா அவளால ஒண்ணும் பண்ண முடியாது, என் வாளியையும் தூக்க மாட்டா, பாதையும் எனக்குத்தான் தெரியும். பக்கத்துல வருவா, அவ்ளோதான், ஆனா அவ வந்தா நான் போவேன், வராட்டி போக மாட்டேன். இந்த வேலைக்கு வேண்டிய திறமை என்னன்னு கேட்டா எனக்கு மொதல்ல அந்தப் பாதைதான் ஞாபகம் வரும். அடுத்தவங்க வாளிய புடுங்கக் கூடாது, முன்னாடி ஓடக் கூடாது, பின்னாடி நின்னு "போ போ"ன்னு தள்ளவும் கூடாது.

பட்டறிவுங்கிற முன்பாதிய பத்தியும் சொல்லணும், ஏன்னா தம்பி "பட்டறிவுன்னா எல்லா அனுபவத்துக்கும் பொருந்துமே"ன்னு கேட்டிருந்தீங்க. பொருந்தும்தான். ஆனா சொல்லுக்குள்ள "பட்ட" இருக்கு, "அறிவு"ம் இருக்கு, பட்டா மட்டும் போதாதுன்னு அந்த ரெண்டாவது பாதி சொல்லுது. இத நான் கெட்ட விதமாத்தான் படிச்சேன். ஆரம்பிச்ச புதுசுல ஒரு தங்கச்சி ராத்திரி பன்னெண்டு மணிக்கிட்ட "அக்கா இருக்கீங்களா"ன்னு போட்டுச்சு, கொழும்புல கடையில வேலை, ஒறக்கம் இல்ல, சாப்பாடு எறங்கலன்னு நாலு வரி. எனக்கு என் கதை அப்படியே வந்துருச்சு, நானும் அதே மாதிரி கொழும்புல கடையிலதான் நின்னவ, ஏழு நிமிஷத்துக்கு வொய்ஸ் மெசேஜ் ஒண்ணு அனுப்பிட்டேன், எப்படி இருந்தேன் எப்படி எந்திரிச்சேன்னு எல்லாம். நீல டிக் விழுந்துச்சு. பதில் இல்ல. ஒம்பது நாள் கழிச்சு அந்தப் புள்ள எழுதுனது: "அக்கா உங்களுக்கு அவ்ளோ நடந்திருக்கு, என்னோடது ஒண்ணுமே இல்ல, அதான் பேசல." அந்த வரிய இன்னும் நான் அழிக்கல. அந்தப் புள்ளையோட எடத்தை நான் எடுத்துக்கிட்டேன். இப்ப எங்க குழுவுல பழக்கம் என்னன்னா நம்ம கதையில ஒரு வரி, "எனக்கும் ஒறக்கம் இல்லாத காலம் ஒண்ணு இருந்துச்சு", அதோட நிப்பாட்டி கேள்விய அவங்க பக்கம் விட்டுடணும், அவங்களா கேட்டா அடுத்த வரி. பட்டதை எவ்ளோ சொல்லணும்னு தெரியிறதுதான் இங்க அறிவு.

ஒன்லைன்ல இன்னொரு கஷ்டம், மொகம் தெரியாது, குரல் கேக்காது. "ம்"னு ஒரே எழுத்து வரும். அது அழுகையா, சலிப்பா, பக்கத்துல ஆள் வந்துட்டாங்களா? ஊகிக்கக் கூடாது, கேக்கணும்: "இந்த ம்-க்கு என்ன அர்த்தம்னு எனக்குப் புரியல, சொல்ல முடிஞ்சா சொல்லுங்க." அப்புறம் நம்ம ஆளுங்க "யோசனையா இருக்கு"ன்னு எழுதுவாங்க. தமிழ்நாட்டு நண்பர்களுக்காக சொல்றேன், இங்க யோசனைன்னா கவலை, அதுக்கு எல்லாரும் சொல்ற பதில் "யோசிக்காதீங்க". எங்க பயிற்சியில மொதல் நாளே விடச் சொல்ற வார்த்தை அதுதான், ஏன்னா அத எழுதுன ஒடனே கதவு சாத்தின மாதிரி ஆகிடும். "என்ன யோசனை"ன்னு கேட்டா தெறக்கும். "செயல்திறன் மிக்க செவிமடுத்தல்"னு கையேடுகள்ல இருக்கிறதை நாங்க "காது குடுக்கிறது"ன்னுதான் சொல்றோம், கலைச்சொல்லா வேணும்னா செவிகொடுத்தல்னு போடுங்க, எனக்கு சம்மதம்.

ரகசியம்ங்கிறது லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்ல, வேற மாதிரி. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு, இருமுனா கேக்கும். போன் ஒண்ணு, அதை அண்ணனும் பாப்பான் தம்பியும் பாப்பான், சிக்னல் வேணும்னா கோயில் மேட்டுக்கு ஏறணும். அதால நாங்க மொதல் மெசேஜ்லயே மூணு விஷயம் கேக்கிறோம், இந்த போனை வேற யாராவது பாப்பாங்களா, எந்த நேரம் எழுதினா பாதுகாப்பு, கோல் எடுக்கலாமா எழுத்து மட்டுமா. ஸ்கிரீன்ஷொட் எடுக்கிறதில்லன்னும், ஆனா உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா நான் தனியா வச்சுக்க மாட்டேன், ஒரு ஆளுகிட்ட சொல்லுவேன்னும் அப்பவே சொல்லிடுறோம். கஷ்டத்துக்கு நடுவுல போய் இதை சொன்னா ஏமாத்துன மாதிரி ஆகிடும்.

உயிர் விஷயம் வரும்போது கேள்விய சுத்தி வளைக்கக் கூடாது. "சாகணும்னு தோணுதா"ன்னு நேராவே கேக்கணும். கேட்டா எண்ணத்தை நாமளே விதைச்சிடுவோம்ங்கிறது தப்பான பயம், நேரா கேட்டா பாரம் எறங்குறதைத்தான் நாங்க பாத்திருக்கோம், மனநல மருத்துவத்துல இருக்கிறவங்களும் அதைத்தான் சொல்றாங்க. ஆமான்னு பதில் வந்தா நாங்க பேச்சை விடாம, 1926ங்கிற போன் நம்பரை அவங்களோட சேந்து அடிக்கிற வரைக்கும் கூட இருக்கணும், அது தேசிய மனநல நிறுவனத்தோட இலக்கம், ராத்திரியிலயும் எடுப்பாங்க. அந்த நிறுவனம் இருக்கிற அங்கொடைன்னாலே நம்ம சனம் பைத்தியம்னு பேசி வச்சிருக்கிறதால நம்பரை மட்டும் குடுத்தா அடிக்க மாட்டாங்க. 1974லேர்ந்து சுமித்ராயோங்கிற தொண்டு அமைப்பும் இந்த நாட்டுல மனசு ஒடஞ்சவங்க சொல்றதை கேட்டுக்கிட்டு இருக்கு, அங்க இருக்கிறவங்களும் தொண்டர்கள்தான், அவங்க தங்களோட வேலைய பிஃப்ரெண்டிங்னு சொல்றதை இங்க ஒருத்தர் எடுத்துக் காட்டியிருந்தீங்க, அதுக்குத் தோழமைன்னு சொல்லலாம், ஆனா தோழமைக்கு பட்டிருக்கணும்னு இல்ல, அதால அந்தச் சொல்லை அவங்களுக்கே விட்டுடுவோம்.

இந்த மாதிரி பெரிய ஆளுகிட்ட சேத்து விடுற வேலைக்கு ரெஃபரல்னு சொல்றாங்க. இதுக்கு "பரிந்துரை" வேணாம், அது தொர குடுக்கிற கடிதம் மாதிரி இருக்கு. பழைய ஆற்றுப்படைய நெனச்சுப் பாருங்க, பசியில இருந்த பாணன் ஒருத்தன் பரிசு வாங்கிட்டு வர்றான், எதுக்க அதே பசியில வர்ற பாணனுக்கு இன்ன வழியா போ இன்னார பாருன்னு சொல்றான். அதே தொழில், அதே பசி, முன்னாடி போய் வந்தவன். இதைவிட பட்டறிவுத்துணைக்குப் பொருத்தமா என்ன வேணும்? நம்ம நாட்டுல உள ஆற்றுப்படுத்தல்னு கவுன்சிலிங்குக்கே சிலர் சொல்றதால கொழப்பம் வரும்னு எனக்குத் தெரியும், அதால ரெஃபரலுக்கு "ஆற்றுப்படை"ன்னு பேர்ச்சொல்லாவே வைக்க முடியுமான்னு கேக்கிறேன். இதுல எனக்கு உறுதி இல்ல, இலக்கியம் தெரிஞ்சவங்க சொல்லணும்.

பவுண்டரிக்கு, அதாவது நாங்க எவ்ளோ தூரம் எடுத்துக்கலாம்ங்கிறதுக்கு, "வரம்பு" போதும். ஒரு ஆளு ஒரு நேரத்துல ரெண்டு பேருக்கு மேல எடுக்கிறதில்ல, ராத்திரி பத்துக்கு மேல முறை போட்டுத்தான் இருக்கோம், மாசம் ஒரு தடவை ஒரு உளவளத்துணையாளர்கிட்ட எங்க மனசுல தங்கினதை எறக்கி வைக்கிறோம். 2014 ஒக்டோபர் 29 பதுளை மாவட்டத்து மீரியபெத்தை தோட்டத்துல மண் சரிஞ்சு லயங்கள மூடுன நாளை அந்தப் பக்கத்துக்காரங்க ஒவ்வொரு மழைக்கும் எழுதுவாங்க, கேக்கிறவங்களுக்கும் அன்னைக்கு ஒறக்கம் வராது. அப்ப முறையை மாத்திக் குடுத்துடணும்.

போன ஞாயித்துக்கிழம குழுவுல இந்தச் சொல்லை வச்சுப் பாத்தேன். "பட்டறிவுத்துணை"ய எல்லாரும் ஒரு தடவை முழுசா சொல்லிப் பாத்தாங்க, அடுத்த மெசேஜ்லயே ஒரு புள்ள "இன்னைக்கு ராத்திரி யாரு தொணை"ன்னு போட்டுச்சு, இப்ப முறைப் பட்டியல்லயே அப்படித்தான் எழுதுறோம். ஆவணத்துக்கு முழுச்சொல், பேச்சுக்கு தொணை, எனக்கு இது போதும்.

டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும், பட்டறிவுத்துணைன்னு சேத்து எழுதுறதா பிரிச்சு எழுதுறதா, அப்புறம் ஆளைச் சொல்லும்போது பட்டறிவுத்துணைவர்னு போனா கல்யாணத் துணை மாதிரி வருது, பட்டறிவுத்துணையாளர்னு வச்சுக்கலாம் இல்லையா?