புதுப்பிப்பு: டீக்கடைக்காரரின் மூக்கு தப்பித்தது

மூன்றாவது முறையாக மூக்கு உடைந்துவிட்டது என்று போன மாதம் புலம்பியிருந்தேனே, மரத்தில் நான் செதுக்கும் கேலிச்சித்திரப் பொம்மையான அந்த டீக்கடைக்காரர் ஒருவழியாக முழு முகத்தோடு நிற்கிறார்.

தவறு என்னுடையதுதான். மரத்தின் இழை தலையிலிருந்து காலுக்கு ஓடுகிறது. கேலிச்சித்திர மூக்கோ அதற்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கிறது. கத்தியால் நெம்பினால் பிளக்காமல் என்ன செய்யும்? இப்போது மூக்கின் இரு பக்கமும் முதலில் ஆழமாகக் கீறிவிட்டு, பிறகுதான் கன்னத்தை அந்தக் கீறல்வரை மெல்லச் சீவுகிறேன். கால் மணிக்கு ஒரு முறை கத்தியைத் தோல்வாரில் தீட்டுகிறேன். மரத்தையும் மாற்றினேன்: கர்நாடகத்தின் சென்னபட்டணப் பொம்மைகளுக்குப் பயன்படும் வெப்பாலை.

சுவீடனின் ஆக்செல் பீட்டர்சன் (1868–1925) செதுக்கிய கிராமத்து மனிதர்களைப் படத்தில் பார்த்தபின் உப்புத்தாளைத் தூக்கிப் போட்டுவிட்டேன். கத்தித் தடம்தான் அழகு.

ஞாயிறுதோறும் பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவர் கற்றுக்கொள்ள வருகிறார்கள். இப்போதைக்குச் சோப்புக்கட்டிதான், சோப்பானாலும் கட்டைவிரலுக்குத் தோலுறை கட்டாயம்.

டீக்கடைக்காரர் 900 ரூபாய்க்குப் போனார். 18 மணி நேர வேலை, மணிக்கு 50 ரூபாய்! வாங்கியவர், “இது என் மாமனார்தானே?” என்று கேட்டார். நான் மறுக்கவில்லை.