6 அங்குல டாப்சோனியனா, 130 மி.மீ. நியூட்டோனியனா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வானம் பார்க்க முதல் தொலைநோக்கி வாங்கப் போகிறேன். ஆடி வகைதான் என்பதில் தெளிவாக இருக்கிறேன். அதே செலவில் லென்ஸ் வகையைவிடப் பெரிய விட்டம் கிடைக்கிறது, நிறப்பிறழ்ச்சியும் (உருவத்தின் ஓரத்தில் நிறம் பிரிந்து தெரியும் குறை) இல்லை.

ஒன்று, 150 மி.மீ. ஆடியும் 1200 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட டாப்சோனியன், அதாவது எளிய தாங்கியில் வைத்துக் கையால் திருப்பும் வகை. இன்னொன்று 130 மி.மீ. நியூட்டோனியன், 650 மி.மீ. குவியத் தூரம், வானின் சுழற்சியோடு சேர்ந்து திருப்பக்கூடிய ஈக்குவடோரியல் தாங்கியோடு. சனியின் வளையம், வியாழனின் பட்டைகள், ஓரியன் நெபுலா எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கத்தான் ஆசை, படம் எடுக்கும் எண்ணம் இல்லை. அதனால் மனம் டாப்சோனியன் பக்கமே சாய்கிறது. 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) 48 மடங்கு, 10 மி.மீ.யில் 120 மடங்கு வரும். சனிக்கு அது தாராளம். 130 மி.மீ. கருவியின் ஆடி பரவளையமா, கோள வடிவமா என்று விவரத்தில் போடவே இல்லை. எஃப்/5-இல் (குவியத் தூரம் ஆடி விட்டத்தைப்போல் 5 மடங்கு) கோள ஆடி என்றால் உருவம் கூர்மையாக இருக்காதே, அதுதான் பெரிய கவலை.

எஃப்/8 கருவியில் காலிமேஷன் (ஆடிகளை ஒரே நேராகச் சரிசெய்வது) எவ்வளவு அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது? அதற்கு லேசர் கருவி வேண்டுமா, செஷயர் (கண்ணால் பார்த்துச் சரிசெய்ய உதவும் எளிய குழாய்) போதுமா? 120 மடங்கில் கையால் தள்ளியே கோளைப் பின்தொடர முடிகிறதா? ஆடியில் லேசாகத் தூசி படிந்தால் அப்படியே விட்டுவிடுகிறீர்களா? இரண்டையும் பயன்படுத்தியவர்கள் இருந்தால் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.