தொழிற்சாலையோடும் ஊரோடும் சேர்ந்து ஆய்வு செய்தால் பதவி உயர்வில் மதிப்பெண் தரலாமா?

கவிதா (பினாங்கு):
எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு பேச்சு ஓடுகிறது. இதுவரை பதவி உயர்வுக்கு ஸ்கோப்பஸ் (ஆய்விதழ்களைத் தொகுக்கும் பன்னாட்டுத் தரவுத்தளம்) கட்டுரையும் மானியத் தொகையும்தான் கணக்கு. இனி தொழிற்சாலை, ஊர் மக்களோடு சேர்ந்து செய்த வேலைக்கும் மதிப்பெண், கூடவே ஆண்டு விருது. எனக்கு முழுச் சம்மதம். தெலுக் பஹாங் பக்கம் கடல்நீரின் கலங்கலை இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் அளந்தேன். எண்கள் தாறுமாறாக வந்தன. அங்கே ஒரு மலாய் மீனவர் என் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "கிழமையை விடு, பிறையைப் பார்த்து எழுது" என்றார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வேகமாகும். அந்தக் கணக்கில் அடுக்கினேன், எல்லாம் சரியாக உட்கார்ந்தது. அவரோடு கழித்த நாட்களுக்கு என் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

ரவி (பாயான் லெப்பாஸ்):
எனக்குச் சம்மதமில்லை. சிப் சோதனைப் பிரிவில் 18 வருடமாக இருக்கிறேன். பல்கலைக்கழகத்திலிருந்து வருவார்கள், ஒப்பந்தம் கையெழுத்தாகும், பேனர் முன்னால் படம் எடுப்பார்கள், அப்புறம் ஆளையே பார்க்க முடியாது. மதிப்பெண் வைத்தால் இந்தப் படங்கள்தான் பெருகும். நிஜமாகவே வேலை நடக்கும் இடத்திலும் சிக்கல் உண்டு. எங்களோடு சேர்ந்த ஒரு மாணவரின் ஆய்வேட்டை நிறுவன ரகசியம் என்று பூட்டி வைத்தார்கள். அந்த அறிவு யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

செல்வம் (கோலாலம்பூர்):
இரண்டு பேரும் செம்பனை (எண்ணெய்ப் பனை) வண்டை மறந்துவிட்டீர்கள். 1981க்கு முன்னால் தோட்டங்களில் செம்பனைப் பூவுக்கு ஆள் வைத்து மகரந்தம் தூவினார்கள். என் பாட்டி அந்த வேலை செய்தவர். மகரந்தத்தை டால்க் மாவில் கலந்து, பூங்குலை குலையாகப் போய்த் தூவுவார். சாயங்காலம் புருவமெல்லாம் வெள்ளையாக வருவாராம். பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் கேமரூனில் ஆராய்ந்து, அங்கே மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டுபோவது ஒரு சிறு கூன்வண்டு என்று கண்டுபிடித்தார். பெரிய நிறுவனம் ஒன்று செலவை ஏற்றது. இங்கே மலேசியாவில் குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் அந்த வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். நாடு முழுக்கப் பரவியது, காய்ப்பு கூடியது, கைத்தூவல் நின்றது. அருமையான ஆய்வு, விருதுக்குத் தகுதியானதுதான். ஆனால் பாட்டியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் களை பிடுங்கப் போனார். மதிப்பெண் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதி மதிப்பெண்ணை அந்த ஊர்க்காரர்களே போடட்டும்.

கவிதா:
செல்வம் அண்ணா சொல்வதை ஏற்கிறேன். வேலை முடிந்து இரண்டு மூன்று வருடம் கழித்து ஊரில் போய், அவர்கள் மொழியிலேயே கேட்க வேண்டும். அப்படிச் செய்தால் ரவி அண்ணா சொல்லும் பேனர் படம் எடுபடாது.

ரவி:
ஊர்க்காரர் தயங்காமல் குறை சொல்வார் என்று எப்படி நம்புவது? அடுத்த முறை உதவி வராமல் போய்விடுமோ என்ற பயம் இருக்குமே. கட்டுரையை முகம் தெரியாதவர்கள் மதிப்பிடுவது அதனால்தானே? எனக்கு விருதில் இன்னும் உடன்பாடில்லை. சரி, ஒன்று கேட்கிறேன். பிறைக் கணக்கு சொன்னாரே, அவர் பெயர் உங்கள் கட்டுரையில் இருக்கிறதா?

கவிதா:
இல்லை அண்ணா. நன்றிப் பகுதியில் "உள்ளூர் மீனவர்கள்" என்று மட்டும் எழுதினேன். இரண்டாம் கட்டுரை இன்னும் அனுப்பவில்லை. இந்தச் சனிக்கிழமை அவரிடமே போய், ஆசிரியர் வரிசையில் பெயரைப் போடலாமா என்று கேட்கிறேன்.