தாத்தா பெட்டியில் கிடைத்த சவரக்கத்தி எந்தக் காலத்தது?

கேள்வி: தாத்தாவின் தகரப் பெட்டியில் மடக்குச் சவரக்கத்தி ஒன்று இருந்தது. அலகின் அடியில் ‘ஜோசப் ரோட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ், ஷெஃபீல்டு’ என்று பொறித்திருக்கிறது. பக்கத்தில் நட்சத்திரமும் சிலுவையும். பிடி கறுப்பு. வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நட்சத்திரமும் மால்டா சிலுவையும் ரோட்ஜர்ஸ் முத்திரைதான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்தி நிறுவனம் அது. லென்ஸ் வைத்துப் பாருங்கள். கிரீடத்தின் இருபுறமும் உள்ள எழுத்துகள் அப்போது ஆண்டவரைக் காட்டும். ‘வி’, ‘ஆர்’ இருந்தால் விக்டோரியா காலம், 1837–1901. ‘ஜி’, ‘ஆர்’ என்றால் ஏதோ ஒரு ஜார்ஜ் மன்னர் காலம். 1830க்கு முன்னாலும் இருக்கலாம், 1910க்குப் பின்னாலும் இருக்கலாம். ‘இங்கிலாந்து’ என்று போட்டிருக்கிறதா? 1890இல் வந்த அமெரிக்கச் சுங்கச் சட்டம் இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயரைக் கேட்டது. அதனால் அந்தச் சொல் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. இல்லை என்பதாலேயே பழசு என்று அடித்துச் சொல்ல முடியாது.

கேட்டவர்: ஜி, கிரீடம், ஆர். ‘இங்கிலாந்து’ம் இருக்கிறது!

வேறொருவர்: சரி, அப்படியானால் ஐந்தாம் ஜார்ஜ் அல்லது ஆறாம் ஜார்ஜ், 1910–1952. பிடி கொம்பா என்று பார்க்க ஊசியைச் சுட்டு வைக்காதீர்கள். செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக்காக இருந்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும். விரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் போதும், செல்லுலாய்டு என்றால் கற்பூர வாசம் வரும். அப்புறம், துருவை எடுக்கிறேன் என்று உப்புத்தாள் போடாதீர்கள். முத்திரையும் சேர்ந்து போய்விடும்.